சைக்கிள் கமராவும் மச்சாளின் முறையீடும்

எங்கள் பக்கத்து றோட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாதது, ஆனால் லைசன்ஸ் எடுத்த எல்லோருக்கும் மனப்பாடம். ஹோன் அடித்துவிட்டால் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு சைக்கிள்காரி றோட்டோரத் தண்ணிக் காணுக்குள் விழுந்தாலும் சரி, பற்றைக்குள் பாய்ந்தாலும் சரி, "நான் ஹோன் அடிச்சன்தானே" என்று சொன்னால் போதும். கேட்கிறவர்களும் "ஓம், அவன் ஹோன் அடிச்சிரிக்கான், இவதான் ஓரமா அரக்கல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரரும் அந்தச் சட்டத்தில் ஊறியவர். சின்ன லொறி ஒன்று ஓட்டுகிறார். தேங்காய், நெல்லு, சீமெந்து, எது கிடைத்தாலும் ஏற்றுவார்.

நான் சைக்கிள்காரி. கிரான்குளத்திலிருந்து காத்தான்குடிக்குப் போய் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். பெற்றோலுக்கு ஊரே வரிசையில் கிடந்த காலத்தில் வேறு வழியில்லாமல் ஏறினேன். பெற்றோல் வந்த பிறகும் நான் இறங்கவில்லை. பஸ்ஸில் போனால் ஆருடைய கக்கத்துக்குள்ளோ மூக்கை வைத்துக்கொண்டு போக வேண்டும். லொறியில் போனால் தேங்காய் மூட்டைகளோடு நானும் ஒரு மூட்டை. ஏற்றுகிற நேரமும் இறக்குகிற நேரமும் அவர் கையில். சைக்கிளில் போகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் "தேத்தண்ணி எங்க?", "என்ட சேட்டு எங்க?" என்று ஒருவரும் கேட்காத நேரம். வரும்போது வாவிப் பக்கம் திருப்பி, தோணியிலிருந்து இறங்கின மீனை நானே பார்த்து வாங்குவேன். இதை விட்டுக்கொடுக்க நான் என்ன விசரியா?

பஸ்காரர்கள் உரசிக்கொண்டு போகிறதைப் பற்றிக் கத்தாரில் இருக்கிற என் தம்பியிடம் போனில் புலம்பினேன். அவன் ஊருக்கு வந்த ஒருவரிடம் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கமரா ஒன்றைக் கொடுத்து அனுப்பினான். ஹாண்டிலில் பூட்டி அமத்தினால் சிவப்பு லைட் மினுங்கும். முன்னால் நடக்கிறதெல்லாம் சத்தத்தோடு பதியும். "இனி ஆரும் இடிச்சா ஆதாரம் இரிக்கி அக்கா" என்றான்.

ஊருக்கு ஆதாரமெல்லாம் தேவையில்லை, சிவப்பு லைட்டே போதும். பொலிஸ்தான் எனக்கு அதைப் பூட்டி விட்டிருக்கிறது என்று ஆரோ கதை கட்டிவிட்டார்கள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு ராச மரியாதை. ஆட்டோக்காரர்கள் என்னைக் கடக்கும்போது தலைமயிரைத் தடவி விட்டுக்கொண்டார்கள். பஸ்ஸில் தொங்கின கண்டக்டர் ஒருவன், "அக்கா, என்ட முகம் வடிவா விழுந்திரிக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனான். எங்கள் கடை முதலாளிக்கு வேறு யோசனை. "தங்கச்சி, வரக்குள்ள எதிர்க்கடைக்கு முன்னால கொஞ்சம் மெதுவா ஓட்டுங்களன். பெருநாளைக்கு என்ன புடவை இறக்கிரிக்கான் எண்டு பாப்பம்" என்றார். நான் மாட்டேன் என்றேன். ஆனால் மெதுவாகத்தான் ஓட்டினேன், பொய் சொல்லப்படாது.

இந்த மரியாதை மாரி தொடங்கும் வரைக்கும்தான் ஓடியது. பொலிசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று தெரிந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று பஸ்கள் திரும்பவும் என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தன.

மார்கழியில் ஒரு பின்னேரம் நல்ல மழை. நனைந்து காய்ச்சல் வந்தால் கடையில் ஆள் குறையும் என்று பயந்தோ என்னவோ, முதலாளி ஒரு நீல ரெயின்கோட்டை எடுத்துத் தந்தார். தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். ஆரையம்பதி தாண்டியதும் பின்னால் ஒரு ஹோன். றோட்டோரம் முழுக்கத் தண்ணீர், எங்கே தார் முடிகிறது, எங்கே மண் தொடங்குகிறது என்று தெரியவில்லை. எங்கேதான் அரக்குவது? தோளுக்குப் பக்கத்தால் ஏதோ பெரிசாகக் காற்றடித்துக்கொண்டு போனது. முன்சில்லு தாரை விட்டு இறங்கியது. நான் காணுக்குள் கிடந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பும்போது றோட்டில் மழை மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்காரர் எனக்கு முதலே வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ரெயின்கோட்டு கிழிந்து தொங்கியதால் அதை வாசல் கடப்படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வந்தேன். என் முழங்காலைக் கண்டதும் மனிசன் பதறிப்போனார். சுடுதண்ணி வைத்துக் கழுவி, எண்ணெய் பூசி, "அந்தப் பரதேசி மட்டும் ஆரெண்டு தெரியட்டும், அவன்ட கதை சரி" என்று பல்லை நெரித்தார்.

பிறகுதான் குண்டைப் போட்டார். "இனி சைக்கிள் வேணாம். அடுத்த ஒழுங்கையில ஒருவர் கேட்டவர். ஞாயிற்றுக்கிழமை வந்து பாத்திட்டு எடுக்கச் சொல்றன்."

"விழுத்தினவன் வாகனத்தோட ஓடித் திரியிறான். விழுந்தவ சைக்கிளை விக்கணுமா? நல்ல நியாயம்!"

"நியாயத்தக் காலில பூசேலாது புள்ள. நீ முழுசா வீட்டுக்கு வரணும்."

கத்தினேன், கோவித்தேன், சட்டிகளைப் படார் படார் என்று வைத்தேன். மனிசன் அசையவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன். பயத்தில் சொல்கிறவரை என்ன செய்கிறது?

அடுத்த வளவில் இருக்கிற மச்சாள், அதாவது அவருடைய அக்கா, சத்தம் கேட்டு வந்தா. எனக்கு மச்சாளில் விருப்பம், கொஞ்சம் பயமும்தான். முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனா. விடிந்ததும் தலையில் முழுகி, ஒரு தேங்காயும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போய்விட்டா. வைகாசிச் சடங்குக்குத்தான் அம்மன் கதவு திறக்கும். மார்கழியில் பூட்டுத்தான். அதற்கெல்லாம் மச்சாள் அசைகிற ஆளில்லை. பூட்டின கதவுக்கு முன்னால் நின்று தேங்காயை உடைத்து, தலைமயிரை விரித்துவிட்டு, வாய் விட்டு முறையிட்டிருக்கிறா. வந்து எங்களுக்கு ஒரு சொல் பிசகாமல் சொன்னா: "என்ட மச்சாளை விழுத்தினவன்ட கை, அந்த ஸ்டியரிங்கப் பிடிச்ச கை, விளங்காமப் போகணும் தாயே எண்டு கேட்டிட்டன். இனி அவள் பாத்துக்குவாள்."

"நல்லாக் கேட்டீங்க அக்கா" என்றார் வீட்டுக்காரர்.

சனிக்கிழமை அடுப்பில் சோறு கொதிக்கும்போதுதான் கமராவின் நினைவு வந்தது. காணுக்குள் என்னோடு விழுந்தும் அது சாகவில்லை. போனில் போட்டுப் பார்த்தேன். மழை, ஹாண்டில், என் ஈரக் கை. ஹோன் கேட்டது. ஒரு சின்ன லொறி வலப்பக்கத்தால் வந்து, அப்படியே என் பக்கம் சரிந்து, முன்னால் ஏறியது. பின்பக்கம் தறப்பாளைப் பச்சைச் சீலைத் துண்டு ஒன்றால் கட்டியிருந்தது. அட, இது என்னுடைய பழைய நைலெக்ஸ் சீலை மாதிரியே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் போட்டேன். மாதிரி என்ன மாதிரி, அது என் சீலையேதான். இடப்பக்க ஜன்னல் கண்ணாடி ஏறாத லொறியும் எங்கள் லொறிதான். அந்த ஜன்னல் வழியாக வந்த குரல் மழைச் சத்தத்துக்குள் எனக்குக் கேட்காவிட்டாலும் கமராவுக்குக் கேட்டிருந்தது.

"ஆடி ஆடிப் போறா பாரு! உன்ன வீட்டில கேக்க ஒரு மனிசன் இல்லையா?"

முதலில் எனக்கு வந்தது ஆத்திரம். கரண்டியைத் தூக்கிக்கொண்டு முற்றம் வரைக்கும் போனேன். முற்றத்தில் சிரிப்பு வந்து, குந்தியிருந்து வயிறு நோகச் சிரித்தேன். சிரித்து முடியும்போதுதான் மச்சாளின் தேங்காய் நினைவுக்கு வந்தது. ஐயோ, அம்மாளே! நான் அம்மனை நம்பாதவள் என்று ஆருக்கும் சொன்னதில்லை. சோறு அடிப்பிடித்துப் போனது.

சைக்கிளுக்கு ஆள் வருகிற அன்று காலையில் மச்சாளையும் கூப்பிட்டு இருத்தினேன். "விழுத்தினவன் கமராவில அகப்பட்டிட்டான்" என்றேன். இருவரும் டீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார்கள். மச்சாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பெருப்பிச்சுப் போடு புள்ள, முகத்தப் பாக்கணும்" என்றா.

போட்டேன்.

லொறி போனது. குரல் கேட்டது. மச்சாளின் வாய் மெல்லுகிறதை நிற்பாட்டியது. வீட்டுக்காரர் டீவியைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார், திரும்ப டீவியைப் பார்த்தார். பழக்கதோசம், வாயிலிருந்து தானாக விழுந்தது: "நான் ஹோன் அடிச்சன்தானே."

"அடிச்சீங்க" என்றேன். "வீட்டில மனிசன் இல்லையா எண்டும் கேட்டீங்க. இரிக்கார். இஞ்ச கதிரையில இரிக்கார்."

மச்சாள் பாய்ந்து போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துப் புறங்கை, உள்ளங்கை எல்லாம் பார்த்தா. "தம்பி, கை உளையுதா? மறைக்காமச் சொல்லு."

"முந்தநாள் சீமெந்து ஏத்தினதில வலது தோள் கொஞ்சம்..."

அவ்வளவுதான். மச்சாள் ஒப்பாரி வைக்காத குறை. லொறித் திறப்பைப் பறித்து இடுப்பில் செருகினா. அம்மனிடம் போய்க் குற்றப்பொறுதி கேட்கும் வரைக்கும் தம்பியின் கை ஸ்டியரிங்கில் படப்படாது என்றா. ஆட்டோவில் போகலாம் என்றார் அவர். நான் விடுவேனா? சைக்கிளில் போனவளை விழுத்தினால் அதே சைக்கிளில், அவளையும் ஏற்றிக்கொண்டு போய்த்தான் கேட்க வேண்டும், அதுதான் முறை என்றேன். அப்படி ஒரு முறையும் இல்லை. அந்த நேரம் நான் உண்டாக்கினதுதான். மச்சாள் "ஓம், அதுதான் முறை" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தா.

அவர் சைக்கிள் மிதித்துப் பல வருசம். நான் கரியரில் ஏறி, மடியில் தேங்காயை வைத்துக்கொண்டேன். ஒழுங்கைக்குள் சமாளித்தார். மெயின் றோட்டில் ஏறினதும் முதுகு விறைத்தது. கொஞ்சத் தூரம் போயிருப்போம், பின்னால் கல்முனை பஸ் ஒன்று ஊளையிட்டது. "அரக்குங்க" என்றேன். "எங்க அரக்க?" என்று கத்தினார். பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. சைக்கிள் மணலுக்குள் இறங்கி நின்றது. அவர் இரண்டு காலையும் ஊன்றி, ஹாண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். சேட்டு முழுக்க வியர்வை.

"ஒவ்வொரு நாளும் இப்படியா?"

"மழையில்லாட்டி இன்னும் வேகமா வருவானுகள்."

அவர் திரும்பவில்லை. "மேல இருந்து ஓட்டக்குள்ள இப்படித் தெரியாது புள்ள. ஒரு சைக்கிள் போகுது, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு ஆள் இரிக்கி எண்டு..." என்று தொடங்கி விட்டுவிட்டார்.

அவரைக் குத்திக் காட்டுவதற்கென்று ஒரு மூட்டை கதை சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் மனிசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதுகில் கையை வைத்து, "மெல்ல மிதிங்க" என்றேன்.

பூட்டின கதவுக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். ஒரே அடியில் உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தவர் ஏறவில்லை. ஹாண்டிலை என் பக்கம் திருப்பினார். "நீ ஓட்டு. இந்த றோட்டு உனக்குத்தான் தெரியும். நான் பின்னால இரிக்கன்."

முழங்கால் இன்னும் நொந்தது. அவரும் லேசான ஆளில்லை. என்றாலும் மிதித்தேன். பஸ் தரிப்பிடத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மனிசன் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எந்த வாகனம் வந்தாலும் "வாறான், வாறான்" என்று முதலே சொல்லிக்கொண்டு வந்தார்.

கடப்படியில் மச்சாளுக்குப் பக்கத்தில் சைக்கிள் வாங்க வந்தவர் காத்துக்கொண்டு நின்றார். கரியரில் ஆம்பிளையும் முன்னால் பொம்பிளையுமாக வந்து நின்றதைப் பார்த்து ஒருமாதிரி முழித்தார். பிறகு வீட்டுக்காரரிடம், "அண்ணன், சைக்கிளை விக்கிற எண்டீங்க..." என்று இழுத்தார்.

அவர் கரியரிலிருந்து இறங்கி, சாறத்தை உதறிக் கட்டினார்.

"அது அவட சைக்கிள் தம்பி. அவட்டக் கேளுங்க" என்றார்.