சாராள் அக்காவின் ‘கேட்டு போட்டாங்கோ’

வேப்பம்பட்டு ரயில்வே கேட் மூடியிருக்கிறது. சாராள் அக்கா கேட் மணிக்குக் கீழே, சத்தத்தைப் பதிவுசெய்யப் போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் நிற்கும் ஷேர் ஆட்டோக்காரர் பொறுமையிழந்து ஹாரனை அமுக்குகிறார். எல்லோரும் முறைக்க, அக்கா மட்டும் திரும்பிச் சிரிக்கிறார். “அண்ணாத்தே, இன்னொரு தபா அடி. இதே மாரி, கொஞ்சம் இழுத்து.” அவர் பயந்துபோய்க் கையை எடுத்துவிடுகிறார்.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. என் பக்கத்து வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு, போல்ட்டுகளைப் பொட்டலம் கட்டும் வேலை. பதினாறு வருடம், சனி ஞாயிறுகளில் ஆவடிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பாடினார். பிராங்க் அண்ணன் நடத்தும் இன்னிசைக் குழுவில் இரண்டாவது மைக் அவருடையது. போட்டோவுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கும் பந்திக்கு ஓடுபவர்களுக்கும் நடுவில் பாடிப் பழகியவர். “என் பாட்ட முழுசா கேட்டது பக்கத்துல டிரம்ஸ் வாசிக்கிறவன் ஒருத்தன்தான். அவனால எந்திரிச்சி போவ முடியாது, பாவம்.”

போன வருடம் பிராங்க் அண்ணன் எல்லாப் பாட்டையும் முன்னாலேயே பதிவுசெய்து லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். இனிமேல் மேடையில் வாயசைத்தால் போதும், தொண்டைக்கு ஓய்வு என்றார். அன்றைக்குத் திருமுல்லைவாயிலில் வரவேற்பு. நடுப்பாட்டில் அக்காவுக்குத் தும்மல் வந்துவிட்டது. அவர் தும்மினார், அவர் குரலோ நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பாட்டு முடிந்ததும் அக்கா மைக்கைக் கொண்டுபோய் பிராங்க் அண்ணன் கையில் கொடுத்தார்.

“நைனா, நான் இங்க நின்னுகினு கீறேன், என் குரலு அங்க பாடிகினு கீது. அப்ப நான் எதுக்கு? அதுக்கே சோறு போட்டு அனுப்பு. நான் ஊட்டுக்குப் போறேன்.”

லேப்டாப்பால் குழுவை விட்டவர், மூன்றாம் மாதமே பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். தனியாக ஆல்பம் போடப் போகிறாராம், எல்லா வாத்தியமும் அதிலேயாம். கேலியாகக் கேட்டேன். “மிசின் மேல எனக்கு இன்னா கோவம்?” என்றார். “அது சொன்னத நான் செஞ்சேன் பாரு, அதான் கோவம். இப்ப நான் சொல்றத அது செய்யட்டும்.”

போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டார். பாதி இந்தி, மீதி இங்கிலீஷ். இரண்டும் அவருக்குத் தெரியாது. ஆகவே திரையிலுள்ள பொத்தான்களுக்குத் தானே பெயர் வைத்தார். குரலை ஆழத்திலிருந்து வருவதுபோல ஆக்குவது ‘கிணறு’. பாடியதையே திரும்பத் திரும்பச் சொல்வது ‘மாமியா’. ஒரு நாள், “மாமியாவ கிணத்துல எறக்கிட்டேன், இப்பதான் ஷோக்கா கீது!” என்று அவர் உள்ளேயிருந்து கத்தியதைக் கேட்டு, எதிர்வீட்டு தீபிகா என்னிடம் ஓடிவந்து போலீசுக்குச் சொல்லலாமா என்றாள்.

சுருதியைத் திருத்தும் பொத்தானை மட்டும் ஒரே ஒரு முறை தொட்டார். “என் குரலுக்கு இஸ்திரி போட்டா மாரி கீது. ஒரு சுருக்கங்கூட இல்ல. யாருடி நீன்னு கேக்கத் தோணுது.” உடனே கழற்றிவிட்டார்.

குரல் பதிவு என்றால் இரண்டு கம்பளிக்குள் புகுந்துகொள்வார். ஆவடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்யும் அவர் கணவர் சத்தியராஜ் வாசலில் காவல். காய்கறி வண்டிக்காரரையும் பழைய பேப்பர்காரரையும் சத்தம் போடாமல் போகும்படி கையெடுத்துக் கும்பிடுவார். யார் வீட்டிலோ துக்கம் என்று நினைத்து அவர்களும் தலைகுனிந்து போவார்கள்.

ஆறு பாட்டு சேர்ந்தது. எஸ்டேட்டின் பிரஸ் மிஷின் தாளமாயிற்று; கேட் மணி ராகம் பிடித்தது. “கேட்டு போட்டாங்கோ, கேட்டு போட்டாங்கோ, குனிஞ்சி போவ மாட்டேன், தொறக்கற வரிக்கும் ஆடுவேன்” என்பது முதல் பாட்டு. பிப்ரவரியில் இணையத்தில் ஏற்றினார். ஒரு மாதத்தில் கேட்டவர்கள் பத்தொன்பது பேர். அன்றைக்கு அக்கா வாசற்படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மண்டபத்துல கேக்காதவங்களாச்சும் எதுருல குந்திகினு இருந்தாங்க,” என்றார். “இங்க அதுவும் இல்ல.”



மறுநாள் காலையில் அவர் நேராகக் கேட்டுக்குப் போனார். மூடியிருந்த நேரத்தில் ஒவ்வொரு ஷேர் ஆட்டோவாகப் போய் நின்று, டிரைவரின் போனுக்குப் பாட்டை அனுப்பி, “எப்டியும் சும்மாதான நிக்கற? இத்த போடு” என்றார். காத்திருப்பதற்கென்றே செய்த பாட்டு, போட்டவுடன் பிடித்துக்கொண்டது. ஜூனுக்குள் ரயில்வே கேட்டே இல்லாத ஊர்களிலும் ஆட்டோக்கள் அதைப் போட்டுக்கொண்டு ஓடின.

ஆகஸ்டில் பிராங்க் அண்ணன் போன் செய்தார். பட்டாபிராமில் ஒரு வரவேற்பு. மணப்பெண் அந்தப் பாட்டுத்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறாளாம். “நீயே வந்து பாடேன் சாராளு.”

“நான் வர்ல நைனா. பாட்ட எட்துக்கோ. ஆனா நெசமா பாடணும். எவளாச்சும் வாய மட்டும் ஆட்டுனா, அங்கியே வந்து மைக்கப் புடுங்கிடுவேன்.”

வரமாட்டேன் என்றவர், புடவை மாற்றிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். சோதிக்கத்தான் என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். குழுவில் புதிதாகச் சேர்ந்த கவிப்பிரியா பாடினாள். முதல் வரியிலேயே குரல் நடுங்கியது. மூன்றாவது வரியில் மூச்சு வாங்கியது. “நெசமாத்தான் பாடுது,” என்று அக்கா என் கையைக் கிள்ளினார். மணப்பெண் மாலையோடு ஆட ஆரம்பித்தாள். பந்திக்குக் கிளம்பிய சிலர் நின்று திரும்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆளுயர ஃபேன் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. அதன் காற்றில் பட்டுச்சட்டைக்காரர்கள் நான்கு பேர் கண்மூடிச் சாய்ந்திருந்தார்கள். அக்கா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். நால்வரும் விழித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றார்.