தண்ணீருக்குச் சூடு பார்த்தவர்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு போர்வெல் தண்ணீரைச் சோதிக்க வந்தவரின் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான மனிதர், காதோரம் நரை. சூடு காட்டும் மீட்டரின் கம்பியைத் தண்ணீரில் விடும்போது பிள்ளைக்கு ஜுரம் பார்ப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று காலையிலேயே ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன்.

"இன்னா நைனா, சோடா கணக்கா புடிச்சு வச்சிக்கினுகீற? இது ஆறிப்பூட்ச்சு. பூமிக்குள்ள இன்னா சூடு கீதுன்னு பாக்கணும். மோட்டார போடு."

குழாயில் தேங்கியதெல்லாம் போய், மீட்டரில் சூடு ஒரே இடத்தில் நிற்கும்வரை ஓடவிட்டார். வீணாகிறதே என்று நான் பதறியதும், பக்கத்து வீட்டுக் குடங்களை அவரே வாங்கிவந்து வைத்தார்.

என் கவலை வேறு. பிள்ளை பெற்று அம்மா வீட்டிலிருந்த மனைவியை அழைத்துவர, இந்தத் தண்ணீருக்குப் பயந்தே நாள் கடத்திக்கொண்டிருந்தேன்.

"சார், கைக்கொழந்தைய இதுல குளிப்பாட்டலாமா?"

"டெஸ்ட் ஆவட்டும். நானே வந்து சொல்றேன்."

வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார்.

"உப்பு ஜாஸ்தி, குடிக்காத. குளிக்கலாம்."

"மெய்யாலுமா சார்?" திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அவர் குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் அள்ளி முகம் கழுவினார். துடைக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வெயிலுக்காகக் கழுவினாரா, என் பயத்துக்காகவா, இன்றும் தெரியவில்லை. அன்று சாயங்காலமே மனைவிக்கு போன் போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வரச் சொன்னேன்.