ஹெலிகொப்டரும் கோயில் மணியும்

எங்கள் வீட்டில் நல்ல படத்தைப் பற்றி யாரும் சண்டை பிடித்ததே இல்லை. நல்ல படம் என்றால் பார்த்தோம், கண்ணைத் துடைத்தோம், சாப்பிட்டோம், முடிந்தது. சண்டை எல்லாம் மோசமான படத்துக்குத்தான். அதிலும் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடந்த சண்டை இருக்கிறதே, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி ஃபிளாட்டே அதிர்ந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. முதல்நாள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து விமானத்தில் வந்து இரத்மலானையில் இறங்கியிருந்தார். அது யுத்த காலம். அப்படி வந்து தங்குகிறவர்களைப் பொலிஸில் பதிய வேண்டும். பதியாமல் பிடிபட்டால் கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் போன பக்கத்து ஃபிளாட் அண்ணா அதுவரைக்கும் வந்து சேரவில்லை. "இண்டைக்கே போய்ப் பதிஞ்சிட்டு வாங்கோவன்" என்று அம்மா காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தார். "இஞ்சாரும், இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு விடியப் போறம்" என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அப்போது ஏழு வயது. இதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. காலி வீதிச் சோதனைச் சாவடியில் நிற்கும் பொலிஸ்காரர் எனக்கு இனிப்பு ரொபி தருவார். எனக்குத் தெரிந்த பொலிஸ் அவ்வளவுதான்.

மத்தியானம் நண்டுக்கறியோடு சாப்பிட்டு, கழுவிய கை காய்வதற்குள் தொடங்கிவிட்டார்கள். இதுவரை வந்த தமிழ்ப் படங்களிலேயே மோசமான படம் எது?

அப்பாவுக்கு வங்கியில் வேலை. எதற்கும் ஒரு விதி இருக்க வேண்டும் அவருக்கு. நித்திரை வரவைக்கும் படம் மோசமான படமே இல்லை, அது வெறும் சப்பைப் படம். உண்மையான மோசமான படம் நித்திரை கொள்ள விடாது. பாடுபட்டு, காசைக் கொட்டி, மழையில் நனைந்து எடுத்திருப்பார்கள். இந்தத் தகுதி ஒரேயொரு படத்துக்குத்தான் உண்டாம். கதாநாயகன் காதலியின் சேலையை வீசி எறிந்து, பறக்கிற ஹெலிகொப்டரைக் கட்டி இழுத்து விழுத்துவானே, அந்தப் படத்துக்கு.

மாமாவுக்கோ அந்தப் படம் உயிர். அவர் சொன்ன மோசமான படம் வேறு. கோயில் மணி தலையில் விழுந்ததும் குருட்டுத் தாய்க்குப் பார்வை வந்துவிடும்; காணாமல் போன மகனும் அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்பான்.

"ஹெலிகொப்டரை இழுக்கிறது பகிடி, அத்தான். ஒருத்தரும் நம்பமாட்டினம். இது சனத்தை நம்ப வைக்குது. அதுதான் மோசம்."

"உனக்கு விசரே மச்சான்? சேலை கிழியாதே?"

"அது காஞ்சிபுரம், அத்தான்!"

கீழே ரயில் போனது. ரயிலுக்கு மேலாகக் கத்தத் தொடங்கியவர்கள், அது போன பிறகும் குரலைக் குறைக்கவில்லை. கதாநாயகன் உடைத்த பொலிஸ் ஜீப்பும், வில்லன் வைத்த பொம்மும், அந்த ஹெலிகொப்டரும் ஒவ்வொன்றாக ஜன்னலால் றோட்டுக்குப் போயின. "ஐயோ, மெதுவாக் கதையுங்கோ, ஜன்னல் திறந்து கிடக்கு" என்றார் அம்மா. யார் கேட்டது?

கதவைத் தட்டும் சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. ஒரு பொலிஸ் அதிகாரி, பின்னால் துவக்கோடு ஒரு கான்ஸ்டபிள். றோட்டால் போனவர்களைச் சத்தம் மேலே கூட்டி வந்திருந்தது. பொலிஸ், பொம், ஹெலிகொப்டர் என்ற சொற்கள் விளங்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மாமாவை கான்ஸ்டபிளோடு பல்கனிக்கு அனுப்பிவிட்டு, என்ன சண்டை என்று அதிகாரி சிங்களத்தில் அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு அது திக்கித் திக்கி வந்தது. எந்தப் படம் மோசமான படம் என்று கதைத்துக்கொண்டிருந்தோம், சேர்.

"நீ எதைச் சொன்னாய்? அவன் எதைச் சொன்னான்?"

ஹெலிகொப்டர் என்ற சொல்லை வாயால் எடுக்க அப்பாவுக்குத் துணிவு வரவில்லை. "இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் சொன்னோம், சேர். ஒரு கோயில் மணிப் படம்."

"ஒரே படம் என்றால் பிறகு எதற்குச் சண்டை?"

அம்மா சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றார். அதிகாரி பல்கனிப் பக்கம் திரும்பிக் கையைக் காட்ட, கான்ஸ்டபிள் மாமாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார். கீழே கூட்டிக்கொண்டு போ என்றார் அதிகாரி.

எனக்கோ அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. நான் அப்பாவின் கட்சி. அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, யாரோ ஒருவர் வந்து கேட்டவுடன் மாமாவின் படத்தைத் தன்னுடையது என்று சொல்வதா? கீழ்மாடிப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களத்தில் கத்தினேன்.

"பொய் சொல்லுறார், அங்கிள்! மணிப் படம் மாமா சொன்னது. அப்பா சொன்னது ஹெலிகொப்டர் படம்!"

அம்மா என் பெயரைச் சொல்லி என்னைப் பிடிக்க வந்தார். நான் நிற்கவில்லை. கதிரையில் கிடந்த துவாயை எடுத்து, சுழன்றுகொண்டிருந்த ஃபானை நோக்கி எறிந்தேன். அது சிக்கி இரண்டு சுற்றுச் சுற்றி கான்ஸ்டபிளின் தொப்பியில் போய் விழுந்தது. ஹெலிகொப்டர் விழுந்து வெடிக்கும் சத்தத்தையும் விடாமல் வாயால் போட்டேன்.

முதலில் சிரித்தது கான்ஸ்டபிள்தான். பிறகு அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. மாமாவின் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். காலையில் ஸ்டேஷனுக்கு வந்து பதிய வேண்டும், தவறக் கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஹெலிகொப்டர் படம் நல்ல படம். என் மகன் எத்தனை தரம் பார்த்துவிட்டான்!"

"ஓம் சேர். மிகவும் நல்ல படம்" என்றார் அப்பா.

மாமாவும் தலையாட்டி, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்றார். நல்லது என்று அர்த்தம். வந்த அன்றே நான் அவருக்குப் பழக்கிய ஒரேயொரு சிங்களச் சொல்.

சப்பாத்துச் சத்தம் படியிறங்கிப் போய் முடிந்தது. அம்மா அந்த வெக்கையிலும் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். வாதத்தில் வென்ற மாமா துள்ளிக் குதிப்பார், அப்பாவைக் கிண்டல் செய்வார் என்று பார்த்தால், சுவரைப் பார்த்தபடி இருந்தார். அப்பா நிலத்தில் அப்படியே இருந்து, என்னை இழுத்து மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தார். என் உச்சந்தலை ஈரமாவது தெரிந்தது. என் கோபமெல்லாம் போய்விட்டது. பாவம் அப்பா, எல்லோர் முன்னாலும் தோற்றுப் போய்விட்டாரே.

"அழாதேங்கோ அப்பா" என்று அவருடைய கன்னத்தைத் துடைத்துவிட்டேன். "வாற ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தான் வெல்லுவீங்கள்."