சென்சர் நகர்ந்த நாள்

என் கணவருடைய வலது கை நடுவிரலின் நுனி இப்போதும் முழுதாக மடங்காது. அது என்னால் வந்தது. வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதனால்தான் நானே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் உடுவிலில் இருக்கிறோம். அவர் குருநகரில் பிறந்தவர். மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்துவது அவர் தொழில். நான் ஒரு பாடசாலையின் பௌதிக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் ஒரு சிறிய லேத் இருக்கிறது. இரண்டு வருடமாக அதில் நான் ஒரு மாதிரி எஞ்சினைக் கடைந்து கொண்டிருந்தேன். ஒற்றைச் சிலிண்டர், பெற்றோலில் ஓடுவது, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். முன்னால் ஒரு மர விசிறி. அதைக் கையால் சுண்டித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும்.

எல்லாம் முடிந்து பற்றவைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. பிஸ்டன் மேலே வந்து சேருவதற்குச் சற்று முன்னால் பிளக்கில் பொறி விழ வேண்டும். அந்தக் கணத்தைச் சொல்லுவது ஹோல் சென்சர். பருப்பு அளவு கறுப்புத் துண்டு, மூன்று கால்கள். விசிறியின் நடுக் குடத்தில் புதைத்த சின்னக் காந்தம் அதன் முன்னால் கடக்கும்போது அது பொறிப்பெட்டிக்குச் செய்தி அனுப்பும்.

கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்த முதல் பொதியோடு நான்கு நாட்கள் மல்லுக்கட்டினேன். மீற்றரில் ஐந்து வோல்ட் காட்டும். காந்தம் கிட்டப் போனதும் பூச்சியத்துக்கு விழும். காந்தத்தை எடுத்த பிறகும் பூச்சியத்திலேயே நிற்கும். காந்தத்தைப் புரட்டி மறுமுனையைக் காட்டினால்தான் திரும்ப ஐந்துக்கு ஏறும். ஒற்றைக் காந்தம் வைத்த எஞ்சினில் அப்படியான சென்சர் ஒருமுறை பொறி தந்துவிட்டு வாய்மூடி இருந்துவிடும். எனக்குத் தேவை, காந்தம் வர விழுந்து, போக எழும்புகிற வகை. அது வேறு பொதியில் வந்தது. எஞ்சின் சூட்டைத் தாங்கும் என்று எழுதியிருந்த ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். காந்தத்தின் தென்முனை வெளியே பார்க்க, சென்சரின் எழுத்துள்ள முகம் அதைப் பார்க்க, இடையில் ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி.

சென்சரைத் தாங்குவதற்கு ஒரு அலுமினிய வளையம் கடைந்தேன். விசிறி பூட்டும் எஞ்சின் மூக்கைச் சுற்றி அது இருக்கும். வளையத்தைத் திருப்பினால் பொறி முந்தும், அல்லது பிந்தும். சரியான இடத்தில் நிறுத்தி ஒரு போல்ட்டால் இறுக்க வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் அந்தப் போல்ட்டின் புரி கழன்றது. நான்தான் கூட முறுக்கிவிட்டேன். போல்ட் சும்மா சுற்றியது. திங்கட்கிழமை பாடசாலைக் கண்காட்சியில் எஞ்சினை ஓட்டிக்காட்டுவதாக அதிபரிடம் சொல்லியிருந்தேன். புதிய வளையம் கடைய இரண்டு முழுநாள் வேண்டும். நான் இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து வளையத்தின் அடியில் விட்டு ஒட்டினேன். விடியக் கையால் அசைத்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது.

ஞாயிறு பூசை முடிந்து அவர் வந்தார். சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு வாங்குப் பலகையில் பூட்டியிருந்த எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார்.

"உந்த வளையத்தை வடிவா இறுக்கினனியே?"

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை அப்போது பொய்யென்றே நான் நினைக்கவில்லை. நிற்கிறதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நீ தள்ளி நில், நான் சுண்டுறன்" என்றார். "நாள் முழுக்க எஞ்சின் கயிறு இழுக்கிற கை இது."

ஐந்தாவது சுண்டில் எஞ்சின் எழும்பியது. கொட்டில் முழுக்க வெடிச்சத்தமும் எண்ணெய்ப் புகையும். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். மூன்று நிமிடம் ஓடிய பிறகு சத்தம் மாறியது. ஒரு முரட்டுத் தட்டல் உள்ளேயிருந்து கேட்டது. பிறகு தானாகவே நின்றது.

அந்தத் தட்டலை நான் கேட்டேன். பொறி முந்தினால் அப்படித்தான் தட்டும் என்பதும் எனக்குத் தெரியும். சென்சரின் வயர் ஒரு பக்கமாகத் தொங்கி வளையத்தை இழுத்துக்கொண்டிருந்ததும் கண்ணில் பட்டது. வாயைத் திறந்தால் பசையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும்.

"சூடாறட்டுமே, பேந்து பாப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

"சூட்டோடை சுண்டினாத்தான் டக்கெண்டு எழும்பும்" என்று விசிறியில் விரல்களை வைத்தார்.

விசிறி பாதி சுற்றுப் போனது. உடனே எதிர்ப்பக்கமாக அடித்துத் திரும்பியது. அது அவர் விரல்களில் அடித்தது. கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். விரலிடுக்கால் இரத்தம் சாரத்தில் வடிந்தது.

முதலில் பொறிப்பெட்டியின் சுவிச்சை நிறுத்தினேன். பிறகுதான் துவாயை எடுத்து அவர் கையைச் சுற்றினேன். அந்த ஒழுங்கு சரியானதுதான். ஆனாலும் அதை நினைக்கும்போது இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் இடது கையால் என் தோளைப் பிடித்திருந்தார். மருதனார்மடச் சந்தியில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. பிடி தளர்ந்துகொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, கதையுங்கோ. சும்மா இருக்காதேங்கோ."

"றோட்டைப் பார்" என்றார். அதற்குப் பிறகு தோளை இறுக்கிப் பிடித்தார்.

வைத்தியர் என்ன நடந்தது என்று கேட்டபோது அவர் என்னை முந்திக்கொண்டார்: "படகு எஞ்சின் திருப்பி அடிச்சுப்போட்டுது." என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். ஆட்காட்டி விரலில் எலும்பு வெடிப்பு. நடுவிரலில் தசைநாண் பாதி அறுந்திருந்தது. தைத்து மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

அன்று பின்னேரம் அவர் கட்டில் பக்கத்தில் இருந்து சொன்னேன்.

"அது இறுக்கேல்லை. புரி போயிட்டுது. பசை போட்டு ஒட்டினனான்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப?"

"சனிக்கிழமை."

"நான் கேக்கேக்கை உனக்குத் தெரியும்."

"ஓம்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கொண்டுபோன சோற்றை அன்றைக்கு அவருடைய தாய்தான் ஊட்டினார். அந்த அம்மாவுக்கும் படகு எஞ்சின் கதைதான் தெரியும். "கடல் தராத காயத்தைக் கரை தந்துபோட்டுது பிள்ளை" என்று என் கையைப் பிடித்து அழுதார். நான் என் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் பத்து நாள் தேவையானதை மட்டும் கதைத்தார். தேத்தண்ணி, மருந்து, யார் வந்தது. கண்காட்சிக்கு நான் எஞ்சினைக் கொண்டுபோகவில்லை. கொட்டிலுக்குள்ளும் போகவில்லை.

பதினோராம் நாள் கொட்டிலில் ஏதோ உருளும் சத்தம் கேட்டுப் போனேன். அவர் இடது கையால் எஞ்சினை வாங்கிலிருந்து கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். எறியப்போகிறார் என்று நினைத்தேன்.

"பசையிலை பிழையில்லை" என்றார் என்னைப் பாராமல். "சூட்டுக்கு இளகும், அது அதின்ரை குணம். நீ எனக்குச் சொல்லியிருந்தா நான் கயிறு சுத்தி இழுத்திருப்பன். கை வைச்சிருக்கமாட்டன்."

"எனக்கு வெக்கமாக் கிடந்தது."

"ஒரு புரி போனதுக்கோ?"

 உங்களிடம்தான், ஒரு எஞ்சின்காரனிடம்தான், வெட்கம் என்று சொல்லியிருக்கலாம்.

அந்தக் கிழமையே புதிய வளையம் கடைந்தேன். இம்முறை தடித்த வளையம், பெரிய உருக்குப் போல்ட், வயரைத் தனியே தாங்க ஒரு கவ்வி. வளையத்துக்கும் மூக்குக்கும் குறுக்காக ஊசியால் ஒரு கோடு கீறினேன். அணுவளவு நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். விசிறியைச் சுண்ட இறப்பர் சுற்றிய தடி ஒன்று செய்தேன்.

கைக் கட்டோடு அவர் கதிரையைக் கொண்டுவந்து பின்னால் போட்டு இருந்தார். நான் போல்ட்டை இறுக்கியதும் எழும்பி வந்து, போல்ட் சாவியை இடது கையில் வாங்கி, தானும் ஒருதரம் இறுக்கிப் பார்த்தார்.  நான் தடியால் சுண்டினேன். ஒன்பதாவது தரத்தில் எழும்பியது. பெற்றோல் தாங்கி முழுதும் வற்றும் வரை ஓடியது. தட்டல் இல்லை. கோடு உடையவில்லை.

"நாளைக்கும் ஒருக்கா ஓட்டிப் பார்" என்றுவிட்டு அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவருடைய தாயிடம் உண்மையைப் பிறகு நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மா ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.