சம்பந்தியும் சக்கர நட்டுகளும்

என் சம்பந்தியை நினைத்தால் முதலில் அவருடைய முகம் வருவதில்லை. ராஜபாளையத்தில் என் வீட்டு முன்புறம், காரின் சக்கரத்துக்கு எதிரே, வெள்ளை வேட்டியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு அவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்த கோலம்தான் வருகிறது. மகளின் மாமனார் என்பவரை எந்த அப்பனும் அந்தக் கோலத்தில் பார்க்க ஆசைப்பட மாட்டான். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காபி கொடுத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, நாம் சற்றுத் தள்ளி நின்றுகொள்வதுதான் நம் பக்கத்து வழக்கம். அதிலும் இவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் சொல்லும் சின்னப் பொய்யைக்கூடப் பொறுக்காதவர் என்று ஊரே சொல்லும். விளையாட்டுக்குக்கூட மிகைப்படுத்திப் பேச மாட்டார். அவரோடு பேசும்போதெல்லாம் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவன் போல எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்று வெள்ளிக்கிழமை, ஆனி மாதக் கடைசி. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மகளையும் ஐந்து மாதப் பேரனையும் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நாள். ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்குவதால் அதற்கு முன்பே புறப்பட வேண்டும். குழந்தையின் முதல் பயணம் சொந்த வண்டியில்தான் வர வேண்டும், வாடகை வண்டி கூடாது என்று சம்பந்தியம்மா முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள், விருந்து தயாராகிக்கொண்டிருந்தது. எங்களைக் கையோடு அழைத்துப் போகச் சம்பந்தி காலையிலேயே பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்.

இதற்கு நடுவில்தான் எனக்கு அந்தச் சங்கடம். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான தேர்வைப் பல வருடம் கழித்து அறிவித்திருந்தார்கள். ஆடி மாதக் கடைசியில் பரீட்சை. விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் என் மகள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். புகுந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது, ஆனால் நாள் முழுக்க வருவோரும் போவோருமாக இருக்கும் வீடு அது. "பரீட்சை முடியுற வரைக்கும் இங்கேயே இருந்துக்கிறேன்ப்பா, நீங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று அவள் கேட்டு நாளாகிவிட்டது. மாப்பிள்ளைக்கும் சம்மதம்தான். ஆனால் பெங்களூரிலிருந்து போனில், "அப்பாகிட்ட நீங்களே பேசிருங்க மாமா," என்று சொல்லிவிட்டுக் கழன்றுகொண்டார். நானும் இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்து, அந்த வெள்ளிக்கிழமையில் வந்து நின்றேன்.

சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு வெளியே வந்த பிறகுதான், முன் டயர் ஒன்று காற்று இறங்கித் தரையோடு தரையாக இருப்பதைப் பார்த்தேன். என் காருக்கு ஆயில் மாற்றுவது முதல் பேட்டரி பார்ப்பது வரை எல்லாம் நானே செய்பவன். பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிடலாம் என்று மனைவி சொன்னபோது என் வண்டியில் இன்னொருவர் கை வைப்பதா என்று மீசை துடித்தது. ஆனால் ஸ்பானரை மாட்டி அழுத்தினால் நட்டு ஒன்றுகூட அசையவில்லை. ஏறி நின்று மிதித்தேன். வண்டிதான் ஆடியது.

சம்பந்தி வந்து இறங்கியது அந்த நேரத்தில்தான். நான் பதறிப்போய் ஸ்பானரிலிருந்து இறங்கி வணக்கம் வைத்தேன். அவர் பையைச் சுவர் ஓரம் வைத்துவிட்டு, குனிந்து நட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் சந்தனமும் குங்குமமும் பாறை போல இறுகிப் பிடித்திருந்தன. என் மனைவியின் கைங்கரியம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டியைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் நட்டு நட்டாகச் சந்தனத்தை அப்பிவிடுவாள். ஈரம் உள்ளேயே தங்கி, மேலே சந்தனமும் கீழே துருவுமாக அது வருடக்கணக்கில் வளர்ந்திருந்தது. தொட்டுக் கும்பிட்ட இடமாயிற்றே என்று நானும் அதைச் சுரண்டியதில்லை.

"இது வெறும் துரு இல்ல சம்பந்தி. பாதி பக்தி," என்றார் அவர். அவர் வேடிக்கையாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்துவிட்டார். துரு இளக்கும் எண்ணெய் தீர்ந்திருந்தது. மனைவியின் தையல் மிஷின் எண்ணெயை எடுத்து வந்து, சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, நட்டுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டோம். சுத்தியலால் லேசாகத் தட்டினேன். பிறகு மறுபடியும் ஸ்பானரில் ஏறப் போனவனை அவர் கை காட்டி நிறுத்தினார்.

"செத்த நேரம் ஊறட்டும். அவசரப்பட்டா முறிஞ்சு போகும்."

ஆளுக்கொரு பக்கமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். எண்ணெய் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல லேசில் முடியாத காரியம் உலகத்தில் வேறில்லை. உள்ளே பேரன் சிணுங்குவதும் மகள் அவனைத் தட்டித் தூங்க வைப்பதும் கேட்டது. பத்தரைக்கு இன்னும் நேரமிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சம்பந்தி, உங்க மருமகளுக்கு ஆடிக் கடைசியில பரீட்சை இருக்கு. அது முடிஞ்சு வாரேன்னு சொல்லுதா. எனக்குத்தான் உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

அவர் பழைய துணி கேட்டு வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்துக்கொண்டே எழுந்து, மோட்டாருக்கு வாங்கி மிஞ்சிய இரும்புக் குழாயை ஸ்பானர் பிடியில் செருகினேன். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை கொடுத்து, பிறகு கழற்றும் பக்கமாக இருவரும் சேர்ந்து அழுத்தினோம். கிறீச்சென்று ஒரு சத்தம். முதல் நட்டு விட்டுக்கொடுத்தது. எங்களை அறியாமல் இருவரும் சிரித்துவிட்டோம். அடுத்தடுத்த நட்டுகளும் கழன்றன. கடைசி நட்டைக் கையால் சுழற்றி எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. சம்பந்தியம்மா பேசினார். எங்கே வருகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

சம்பந்தி கையிலிருந்த நட்டுகளைப் பார்த்தார். வாசற்படியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற என் மகளைப் பார்த்தார். பிறகு போனில் சொன்னார்.

"டயர் பஞ்சரு. நட்டு ஒண்ணுகூட அசையல. ஆமா, துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு. ஒண்ணுகூட அசையலங்கேன். வாடகை வண்டி கூடாதுன்னு நீதான சொன்ன? பத்தரைக்குள்ள ஏலாது. நாளையிலருந்து ஆடி பொறக்குது. இனி ஆவணியிலதான் நல்ல நாள். ஆமா, அசையவே இல்ல."

போனை வைத்துவிட்டு, ஒவ்வொரு நட்டாகத் திரும்ப மாட்டி முடுக்கினார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. என் மகளிடம், "போய்ப் படி தாயி," என்று மட்டும் சொன்னார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கை கழுவச் சோப்பு கேட்டார். சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

மகள் தேர்ச்சி பெற்றாள். இப்போது கூமாப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. வேலையில் சேர்ந்த நாளில் அவளோடு பஸ் ஏறிப் போய்ப் பள்ளி வாசல் வரை விட்டுவிட்டு வந்தவர் சம்பந்திதான். நன்றி சொல்ல நான் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். அவர் ஒவ்வொரு முறையும் மழையைப் பற்றியோ கண்மாய்த் தண்ணீரைப் பற்றியோ பேச்சை மாற்றிவிடுவார். இந்த வருடம் அவர் தவறிப்போனார்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் மடவார் வளாகத்தில் சம்பந்தியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் மனதில் இருந்ததை அவரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நட்டுகள் கழன்றுவிட்டன என்று சொன்னேன். அவருக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. அவிய உண்மையச் சொன்னா ஒரு தடவதான் சொல்லுவாவ. அன்னைக்கு அசையல, அசையலன்னு எத்தன தடவ சொன்னாவ! ஆயுசுக்கும் பொய் சொல்லாத மனுசன் மருமகளுக்காகச் சொல்லுதாவளேன்னு நினைச்சேன்."

விருந்தையும் சொந்தக்காரர்களையும் வைத்துக்கொண்டு அன்று என்ன செய்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்ன செய்ய? கூடத்துல வந்து நின்னு, நட்டு ஒண்ணுகூட அசையலையாம்னு எல்லார்கிட்டயும் நானும் சொன்னேன்," என்றார்.