அவள் சொல்லாததை நான் சொன்னேன்

மொழிபெயர்ப்பாளன் வேலை என்பது அடுத்தவர் பேச்சுக்கு நம் வாயை வாடகைக்கு விடுவது; அதில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களிடம் சொன்னால்தான் புரியும். ஐம்பதுகளின் கடைசியில், நம் சனங்களின் நோயையும் பழக்கவழக்கங்களையும் படிக்க ஒரு வெளிநாட்டு மாணவி பரமத்தி வேலூர்ப் பக்கம் வந்தாள். சூரமங்கலத்துப் பாதிரியார் பள்ளியில் இங்கிலீஷ் படித்த பாவத்துக்கு அவளுக்கு மொழிபெயர்க்க என்னையும் கூடவே அனுப்பினார்கள்.

நிறைந்த பானை

முதல் நாளே சறுக்கினேன். அணைந்த அடுப்பெதிரே உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் அரிசி இருக்கிறதா என்று கேட்டோம். "நெறஞ்சிருக்குதுங்க" என்றாள். அப்படியே சொன்னேன், துரைசானி வசதியான குடும்பம் என்று எழுதிக்கொண்டாள். பானையில் ஒரு மணி கிடையாது. ஏனம்மா இப்படி என்று பிறகு கேட்டேன்.

"இல்லீன்னு சொன்னா நெசமாவே இல்லாமப் போயிருமுங்க, சாமி."

குதிருக்குள் இருமல்

அம்மை பரவிய நேரம். நாங்கள் எழுதும் பட்டியலைப் பார்த்துத்தான் குழந்தைகளுக்கு அம்மை குத்த ஆள் வருவார். குத்தினால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்று ஊரே நடுங்கியது. மாராயி என்பவள் வீட்டு வாசலில் நின்று, எத்தனை குழந்தைகள் என்று துரைசானி கேட்டாள். மாராயி வாயே திறக்கவில்லை. உள்ளே, நெல் கொட்டும் மண் குதிருக்குள் யாரோ சின்னதாக இருமினார்கள். எனக்கு மட்டும்தான் கேட்டது. மாராயியின் கண்ணைப் பார்த்தேன், மனசு இளகிவிட்டது. கையை விரித்து, குழந்தையே இல்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

"இல்லீங்கற சொல்லு எனக்கு வாயில வராதுங்க. நல்லவேளை, நீங்க சொல்லிப்போட்டீங்க."

மறுபடியும் அதே கேள்வி

அடுத்த மாதம் போனபோது அந்த வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கியது. அம்மை வந்து குழந்தை போய்விட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கொன்றது நான்தான் என்று தோன்றியது; இன்றைக்கும் தோன்றுகிறது.

துரைசானி வழக்கம்போலக் கேட்டாள். மாராயி இந்த முறை யோசிக்கவில்லை. "ஒண்ணுங்க" என்றாள். பட்டப்பகல்தான், ஆனாலும் உள்ளே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தேன். குதிரின் மூடி திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் சோறு, ஆவி பறந்தது. ஒரு ஓரம் மட்டும் சின்ன விரல்கள் அளைந்ததுபோல் கலைந்திருந்தது.

"ஒண்ணுன்னே எழுதச் சொல்லுங்க, சாமி. இனி யாரு குத்த வந்தாலும் எம்புள்ள பயப்படாதுங்க."

அப்படியே மொழிபெயர்த்தேன்; அந்த ஊரில் நான் உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே பதிலைத்தான், போன மாதப் பட்டியலில் குழந்தையே இல்லை என்றிருப்பதால் தவறு என்று, அம்மை குத்தும் ஆபீசில் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.