கீழே இருப்பவர் முதலில்

வகையிடல் கணக்கு என்றால் அந்த வருஷம் எனக்குப் பைத்தியம். பிறை என்ற கரையோர ஊரிலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி, எதிரே தீவிலிருந்த ஜார்ஜ் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். கடல் என் கண்ணில் பட்டதே இல்லை. பெருக்கல் விதி வரைக்கும் பறந்துகொண்டிருந்தவன், வகுத்தல் விதியில் குப்புற விழுந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நோட்டு திரும்பி வந்தது. பத்துக் கணக்கும் தப்பு. எண்கள் எல்லாம் சரி, குறி மட்டும் தலைகீழ். கூட்டல் வரவேண்டிய இடத்தில் கழித்தல், கழித்தல் வரவேண்டிய இடத்தில் கூட்டல். திங்கட்கிழமைப் பரீட்சையில் தேறாவிட்டால் உயர்கணிதத்தை விட்டுச் சுருக்கெழுத்து வகுப்புக்குப் போய்விடு என்றார் வாத்தியார். வளைகோடுகள் சுருக்கெழுத்திலும் உண்டுதான். ஆனால் அவற்றின் சாய்வு என்னவென்று அங்கே எவரும் கேட்கமாட்டார்களே!

மாலை ஃபெர்ரியின் கீழ்த்தளத்தில், காய்கறிக் கூடைகளுக்கு நடுவே நானும் என் வகுப்புத் தோழனும் உட்கார்ந்திருந்தோம். அவனுக்குப் பத்துக்குப் பத்து.

"எல்லாத்துலயும் ஒரே தப்புதான்டா. சொல்லவா?"

"ஒன்னும் வேணாம், வாய மூடுடா."

எனக்கு ரோஷம் அதிகம். மூளை அந்த அளவுக்கு இல்லை.

விடை முன்பே தெரிந்த கணக்கு ஒன்றை எடுத்தேன். எக்ஸ் வர்க்கத்தை எக்ஸால் வகுத்தால் வெறும் எக்ஸ். அதன் சாய்வு ஒன்று. விதியைப் போட்டுப் பார்த்தேன், கழித்தல் ஒன்று வந்தது. மேலே ஏறுகிற கோடு கீழே இறங்குகிறதாம்!

அதற்குள் பிறைத் துறை வந்துவிட்டது. மணி அடித்ததும் மேல்தளத்து வெள்ளைக்காரத் துரைமார் இறங்கத் தொடங்கினார்கள். கீழே இருந்த நாங்கள் எழுந்து காத்து நின்றோம். தினமும் அப்படித்தான், மேலே இருப்பவர் போன பிறகுதான் கீழே இருப்பவர். பார்த்துக்கொண்டே நின்றவனுக்குச் சட்டென்று உறைத்தது. என் கணக்கிலும் அதே வரிசைதான்! பின்னத்தில் மேலே இருப்பதை முதலில் வைத்து, மற்றதை அதிலிருந்து கழித்திருக்கிறேன். விதியோ கீழே இருப்பதில் தொடங்கச் சொல்கிறது. கீழதை அப்படியே வைத்து மேலதை வகையிடு. அதிலிருந்து, மேலதை வைத்துக் கீழதை வகையிட்டதைக் கழி. கடைசியில் கீழதின் வர்க்கத்தால் வகு.

நின்றபடியே போட்டேன். ஒன்று! கழித்தல் ஒட்டாத, சுத்தமான ஒன்று.

"கீழ இருக்கிறவன்தான்டா மொதல்ல!" என்று கத்தியபடி கூடைகளைத் தாண்டி, ஒரு துரையை முந்திக்கொண்டு இறங்கு பலகையில் ஓடினேன்.

"டேய், தொரைங்க எறங்கட்டும்லா!" என்று ஃபெர்ரிக்காரர் என் காலரைப் பிடித்து இழுத்து, வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே நின்றும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தோழனுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு சீன அம்மாள் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டு எங்களைப் பயத்தோடு பார்த்தாள்.

திங்கட்கிழமை பரீட்சை எழுதினேன். செவ்வாய்க்கிழமை தாள் கைக்கு வந்தது. உயர்கணித வகுப்பிலேயே இருக்கலாம் என்றார் வாத்தியார். அன்று மாலையும் துரைமார்தான் முதலில் இறங்கினார்கள். நாங்கள் காத்து நின்றோம். என் கையிலிருந்த தாளில் பத்து இடத்தில் கீழே இருப்பவர் முதலில் போயிருந்தார். பத்துக்கும் வாத்தியார் சரி போட்டிருந்தார்.